உப்புக்கறை என்று நினைத்தேன்

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர் பட்ட இடமெல்லாம் உப்புக்கறை படியும். நானும் விடமாட்டேன், தேய்த்துத் தள்ளிவிடுவேன். போன மாதம் மீன் தொட்டிக்குள் இருக்கும் பில்டர் குழாயிலும் வெளிறிய புள்ளிகள் தெரிந்தன. பாத்திரம் தேய்க்கும் நாரோடு கையை விட்டேன். எப்போதும் சாதுவாக இருக்கும் ஏஞ்சல் மீன்கள் இரண்டும் பாய்ந்து வந்து என் விரலை முட்டின.

"என்னங்க, இங்கிட்டு வாங்க! மீனு கடிக்க வருது!" என்று கத்தினேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்த என் கணவர், "அடியே, அது கறை இல்ல, முட்டை! கைய எடு!" என்றார்.

நல்லவேளை, நார் இன்னும் குழாயில் படவில்லை. இன்று பதினோரு குஞ்சுகள் நீந்துகின்றன.

இப்போதெல்லாம் கண்ணாடி போடாமல் தொட்டிக்குள் கை விடுவதில்லை. அந்தக் குழாயில் இப்போது நிஜமாகவே உப்புக்கறை படிந்திருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.