கேசட் அட்டைக்கு ஒரு முகம்

அப்போது நான் திருப்பதியில் கல்லூரிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் தங்கியிருந்தேன், வீடு சித்தூரில். எங்கள் மாணவிகள் பாட்டுக் குழு நான்கு பாடல்களைக் கேசட்டாகப் போட்டு ஆண்டு விழாவில் வெளியிடுவது என்று முடிவானபோது, அதன் அட்டையை வரையும் வேலை என் தலையில் விழுந்தது. நான் போஸ்டர் எழுதுகிறவள் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. கல்யாண வீடுகளில் வீடியோ பரவத் தொடங்கியிருந்த எண்பதுகள் அவை. ஒரு பாட்டுக்காவது வீடியோ வேண்டும் என்று யாரோ சொல்ல, அதற்கும் நீயே திட்டம் போடு என்றார்கள்.

பாடியவள் என் அறைத் தோழி. நகரிக்காரி. வீட்டில் விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்தை மீறிப் பாடிப் பாடித்தான் தொண்டை திறந்தது என்பாள். மெட்டு, வரி எல்லாம் அவளுடையவை. சித்தூரில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் பதிவு முடிந்தது. அட்டைக்கு அவள் முகத்தைப் பக்கவாட்டில் வரைந்தேன். மூக்கு சரியாக வரவில்லை என்று குழு திருப்பி அனுப்பியது. எழுத்து சிறிசு என்று இன்னொரு முறை. தெலுங்கிலும் தலைப்பு வேண்டும் என்று மற்றொரு முறை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் சித்தூரிலிருந்த அச்சகத்துக்குப் பஸ்ஸில் போய்வந்தேன். கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிப் பழகிவிட்டேன்.

வீடியோவுக்கு முந்தின நாள் அவளுடைய அப்பா விடுதிக்கு வந்தார். பார்வையாளர் அறையில் நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணுக்குக் கல்யாணம் பேசி முடிச்சிட்டம்மா. பாட வேணாம்னு சொல்லல. மூஞ்சி மட்டும் வேணாம். அட்டைலயும் வேணாம், வீடியோலயும் வேணாம்" என்றார் என்னிடம்.

"அச்சகத்துல குடுத்துட்டேன், அங்கிள்."

"மாத்தச் சொல்லும்மா. சம்பந்தி ஊட்ல நாளைக்கு இன்னா சொல்வாங்களோ."

அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "குரல் இருக்கலாமா, நைனா?" என்று கேட்டாள்.

அவர் உண்மையாகவே யோசித்தார். "குரல வெச்சி யாருன்னு கண்டுபுடிக்க முடியாதில்ல? இருக்கட்டும். பேரு வேணாம்."

அவர் கிளம்பிய பிறகு அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "வேற யாரையாச்சும் வாயசைக்கச் சொல்லு" என்றாள்.

காளஹஸ்தியிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த ஒருத்தியைப் பிடித்தோம். நல்ல களையான முகம். தெலுங்குப் பெண், தமிழ் புரியும், ஆனால் பாட்டு மனப்பாடம் ஆகவில்லை. திருச்சானூர் தாண்டி ஸ்வர்ணமுகி ஆற்று மணலில் படப்பிடிப்பு. கல்யாண வீடியோ எடுப்பவர் தோளில் கனத்த ரெக்கார்டரும் கையில் கேமராவுமாக வந்திருந்தார். "முகூர்த்தம் இல்லாத நாளு இது ஒண்ணுதாம்மா, சீக்கிரம் கானிவ்வண்டி, ஆகட்டும்" என்று அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார்.

பாடியவள் கேமராவுக்குப் பின்னால், மடியில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். அவள் பட்டனை அழுத்துவாள். அவள் குரல் கிளம்பும். எதிரே இருந்தவள் வாயசைப்பாள். இரண்டாவது வரியிலேயே தப்பும். என் தோழி மறுபடியும் டேப்பைப் பின்னால் ஓட்டுவாள்.

"அங்க வாய மூடாத. நான் இழுத்துக்கினு இருக்கேன் இல்ல, நீ எதுக்கு மூடற?"

"நாக்கு அந்த மூச்சு ராதே, அக்கா" என்றாள். தனக்கு அவ்வளவு மூச்சு வராது என்று சொல்லி அந்தப் பெண் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

தோழி எழுந்து அவளிடம் போனாள். அந்தப் பெண்ணின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, மூச்சு எங்கே வாங்க வேண்டும் என்று பாடிக் காட்டினாள். வெயிலில் அவள் நேரடியாகப் பாடியதைக் கேட்டு வீடியோக்காரர்கூட அவசரத்தை மறந்து நின்றார். "மீரே, நீங்களே பாடலாமேம்மா" என்றார். அவள் திரும்பிப் போய் டேப்பைப் பின்னால் ஓட்டினாள். மணல் சூட்டில் என் கால்கள் கொப்பளித்திருந்தன. இது எப்படியாவது முடிந்தால் போதும் என்று மட்டும் நினைத்தேன்.

அச்சகத்தில் பழைய முகத்தை எடுத்துவிட்டு, காலியான இடத்தில் ஆற்று மணலை வரைவதாகச் சொன்னேன். குழுவில் ஒப்புக்கொள்ளவில்லை. வீடியோவில் இருக்கும் முகம்தானே அட்டையிலும் இருக்க வேண்டும் என்றார்கள். வாதாட எனக்குத் தெம்பில்லை. காளஹஸ்திப் பெண்ணின் போட்டோவை அச்சுக்கு பிளாக் எடுக்கக் கொடுத்தேன். பாடியவர் பெயர் இருந்த இடத்தில் "மாணவிகள் பாட்டுக் குழு" என்று போட்டோம். அச்சாகி வந்தபோது மஞ்சள் நிறம் கோட்டை விட்டு வெளியே வழிந்திருந்தது. திருப்பி அடிக்க நாளில்லை.

விழாவன்று மத்தியானம் முழுக்க நானும் அவளும் அந்த அட்டைகளை மடித்து கேசட் டப்பாக்களில் செருகினோம். சாயங்காலம் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை மேல் டிவி வைத்து வீடியோவைப் போட்டார்கள். காளஹஸ்திப் பெண்ணைச் சுற்றி ஒரே கூட்டம். அவள் கூச்சத்தோடு எங்கள் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொல்லிப் பார்த்தாள். கைதட்டலில் யார் காதிலும் விழவில்லை.

என் தோழி என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தாள். எழுப்பலாமா என்று யோசித்தேன். அதற்குள் பாட்டு பாதிக்கு மேல் போய்விட்டது. அவள் மூச்சு சீராக இருந்தது. எழுப்பவில்லை.

வீடியோ முடிந்து விளக்கு போட்டதும் கண்ணைத் திறந்தாள்.

"போட்டுட்டாங்களா?"

"போட்டாங்க."

"அவ அந்த எடத்துல வாய மூடாம இழுத்தாளா?"

"இழுத்தா."

"அது போதும்" என்றாள். "வா, போய் ஏதாச்சும் துன்னலாம்."