ராணித் தலையின் நான்கு மூலைகள்

எங்களுக்குக் கல்யாணமான முதல் வருஷம் அது, எழுபதுகளின் தொடக்கம். என் கணவர் தூத்துக்குடியில் பூகோள வாத்தியார். தபால்தலை சேர்ப்பதில் பித்து. கடற்கரையை ஒட்டி, ஒரு காலத்தில் கொழும்பு வியாபாரம் நடந்த சரக்குக் கிட்டங்கி ஒன்று சும்மா கிடந்தது. அதன் சொந்தக்கார அண்ணாச்சி, கொழும்பிலிருந்து அங்கே வந்த பழைய கடித உறை ஒன்றை இவருக்குக் கொடுத்தார். அதில் ஒட்டியிருந்தது 1859-இல் வெளியான சிலோன் நான்கு பென்ஸ் தபால்தலை. மங்கிய ரோஜா நிறம், நடுவே ராணியின் தலை. சேகரிப்பவர்கள் உலகமெங்கும் ஏங்குகிற தபால்தலை.

ஆனால் ஒரு குறை. அதற்கு ஓரத்தில் பல் கிடையாது. கத்தரியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். படத்தைச் சுற்றி எட்டுப் பக்கக் கட்டம். அழகாக இருக்கட்டும் என்று பலர் கட்டத்தை ஒட்டியே வெட்டி, நான்கு மூலை வெள்ளைத்தாளையும் எறிந்துவிட்டார்கள். மூலையோடு இருப்பதற்குத்தான் மதிப்பு. எங்களுடையது மூலையில்லாதது.

"மூலை எங்க போயிரும்? கிட்டங்கிலதான் கெடக்கும்" என்றார் இவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் பூசை முடிந்ததும் இருவரும் அங்கே போனோம். பழைய காகிதக் கட்டுகளை உதறி, பாதி நகம் அளவு வெள்ளை முக்கோணங்களைத் தேடினோம்.

"என்ன சார் தேடுதிய?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"நாலு மூலை."

அவர் கட்டடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "நாலும் அங்கனயேதான இருக்கு."

முதல் வாரம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு முக்கோணம் கிடைத்தபோது, காற்றில் பறந்துவிடாமல் முந்தானையில் முடிந்துகொண்டேன். இரண்டு மாதத்தில் நாற்பத்தொன்று சேர்ந்தன. ஒவ்வொன்றையும் இவர் இடுக்கியால் பிடித்துத் தபால்தலையோடு வைத்துப் பார்த்து, இல்லையென்று தலையாட்டுவார்.

ஒருநாள் பூதக்கண்ணாடி என் கையில் இருந்தது. தபால் முத்திரையின் கறுப்பு மை, மூலை இருக்க வேண்டிய இடத்தில் உறையின் மேலேயே விழுந்திருந்தது.

"இங்க பாருங்க. ஒட்டும்போதே மூலை இல்ல. அனுப்புனவரு கொழும்புலயே வெட்டிட்டாருல்லா."

அவர் பூதக்கண்ணாடியை வாங்கித் தானும் பார்த்தார். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று மனசு கஷ்டப்பட்டது. பிறகு எழுந்து, பேனாவில் மை நிரப்பினார்.

"அப்ப மூலையும் கொழும்புலதான் கெடக்கும்."

கொழும்பில் தொலைந்த பொருள்களைக் கவனிக்கும் அலுவலகம் ஒன்றுக்கு எழுதினார். மூன்று மாதம் கழித்து, தட்டச்சு செய்த பதில் வந்தது. நான்கு மூலைகளும் காணாமல் போனது பற்றி வருந்துகிறோம். கடிதத்தை அனுப்பியவர் நேரில் வந்து விண்ணப்பித்தால் பரிசீலிக்கப்படும்.

"ஏளா, மாட்டோம்னு சொல்லலியே" என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

அந்தப் பதிலை ஆல்பத்தில் தபால்தலைக்குப் பக்கத்திலேயே ஒட்டினார். வருகிறவர்கள் அதைத்தான் முதலில் படித்தார்கள்.

"அனுப்புனவரு போயிட்டு வந்தாராமா?" என்று யாராவது கேட்டால், "இதுவரைக்கும் தகவல் இல்ல" என்பார் சிரிக்காமல்.