எல்லைச் சாவடியில் மஞ்சளான சீர் அரிசி

என் தங்கை சரோஜாவை மதகடிப்பட்டில் கொடுத்தோம். 1954, தை மாதம். திண்டிவனத்திலிருந்து நாங்கள் ஏழு பேர் கிளம்பினோம். மாப்பிள்ளை வீட்டில் ஒரு பிடிவாதம்: பெண் வீட்டு அரிசி வந்து இறங்கிய பிறகுதான் மணமேடை. மதகடிப்பட்டோ பிரெஞ்சுக்காரன் சீமை.

காலை 5.10 பாசஞ்சர். விழுப்புரத்துக்கு இருபத்து நாலு மைல், ஆளுக்குப் பத்தணா. அங்கிருந்து பஸ்ஸில் எட்டு மைல் போனால் எல்லைச் சாவடி. அதற்குமேல் நடை அல்லது மாட்டுவண்டி. அந்தப் பக்கத்தில் வயல் பிரெஞ்சு, அதன் கிணறு இந்தியா என்றெல்லாம் உண்டு. சிரிக்காதீர்கள், நிஜம்.

புதுச்சேரியில் இன்று ஒரு கட்சி, நாளை ஒரு கட்சி, நடுவில் அடிதடி. தில்லி படை அனுப்பவில்லை. சாமான்களை எல்லையில் நிறுத்திவிட்டு, பிரெஞ்சுக்காரன் தானாக மூட்டை கட்டட்டும் என்று காத்திருக்கிறது. நல்ல ராஜதந்திரம் என்று நானே பலரிடம் பேசியிருக்கிறேன். அதில் எங்கள் சீர்த்தட்டு மாட்டும் என்று நினைக்கவில்லை.

"ரெண்டு மரக்கா அரிசி இருக்குது. தானியம் அந்தாண்ட போகக் கூடாதும்மா" என்றார் சாவடி அதிகாரி.

"கல்யாணச் சீருங்க" என்றாள் அம்மா.

"உட்டா என் வேலை பூடும். பெரிய பேஜாரு."

மணி எட்டே கால். முகூர்த்தம் ஒன்பதரைக்குள். சரோஜா அழ ஆரம்பித்துவிட்டாள்.

அம்மா தரையில் உட்கார்ந்தாள். தட்டிலிருந்த மஞ்சள்தூள் முழுவதையும் அரிசியில் கொட்டி, நெய் விட்டுப் பிசைந்தாள். "இப்ப இது அட்சதை. இத எவன் கடையில வாங்குவான்? பாருங்க!"

அதிகாரி மூட்டையைப் பார்த்தார், அழுதுகொண்டிருந்த சரோஜாவைப் பார்த்தார். பிறகு ஒரு பிடி அள்ளி அவள் தலையில் போட்டார். "நல்லா இரு தாயி. ஜல்தி போங்க!"

மணமேடைக்கு இருபது நிமிடம் மிச்சம் வைத்துப் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளையின் தாயார் மஞ்சள் அரிசியைப் பார்த்து முகம் சுளித்தார். விஷயம் கேட்டதும் சிரித்து, ஊருக்கே அட்சதை கொடுத்தார்.

போகிறவர்கள் தானியம் கொண்டுபோக வேண்டாம். எல்லை தாண்டும் அனுமதிச் சீட்டை மடியில் வையுங்கள். முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே சாவடியைத் தாண்டிவிடுங்கள்.

மாலை திரும்பும்போதும் அதே அதிகாரிதான். எங்களை எண்ணினார், ஆறு பேர். "பொண்ண உட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றார். அதுவரை கல்லாக இருந்த அம்மா, அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.