ஒட்டிய விளக்கு

அவர் செயற்கைப் பல் செய்பவர். தெருவில் எல்லோருக்கும் பல்லுக்காரர். நடக்க முடியாத முதியவர்களின் வீடுகளுக்குக் காரில் போய் அளவெடுத்து வந்து, தன் வீட்டு முன்னறையில் பல் செட் செய்வார். உடைந்த செட் ஒன்று மேஜையில் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

முந்தின நாள் ஒரு வளைவில், குறுக்கே வந்த நாய்க்காகக் காரைத் திருப்பி விளக்குக் கம்பத்தில் இடித்துவிட்டார். நாய் தப்பியது. இன்ஷூரன்ஸில் சொல்லியாகிவிட்டது. அவர்களுடைய சர்வேயர் வந்து சேதத்தைப் பார்க்கும்வரை வண்டியில் கை வைக்கக் கூடாது என்றார்கள். அவர்கள் பணம் தந்தால்தான் கார் ஓடும். கார் ஓடினால்தான் தொழில்.

காலையிலிருந்து வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார். வேலை ஓடவில்லை. தராமல் போய்விட்டால்? சும்மா பார்க்கலாம் என்றுதான் காரிடம் போனார்.

மனைவி கடை வேலையிலிருந்து திரும்பியபோது முன்விளக்கு முழுதாக இருந்தது. பம்பரின் நசுங்கலும் நிமிர்ந்திருந்தது.

"என்னங்க இது?"

"துண்டெல்லாம் கிடந்துச்சு. சேருதான்னு பார்த்தேன். சேர்ந்துடுச்சு."

"கை வைக்காதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டாங்களே! வர்றவர்கிட்ட எதைக் காட்டுவீங்க, உங்க திறமையையா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"சுத்தியலை எடுங்க. பழையபடி உடைச்சிடுவோம்."

"அது பொய்யாயிடும்டி."

"இது மட்டும் என்னவாம்?"

சுத்தியலை ஓங்கினார். கை இறங்கவில்லை. கேட் திறக்கும் சத்தம் கேட்டது. சர்வேயர்.

"என்ன சார், ஒட்டுறீங்களா, உடைக்கிறீங்களா?"

"ஒட்டிட்டாரு சார். அதான் உடைக்கிறாரு" என்றாள் மனைவி.

சர்வேயர் சிரிக்கவில்லை. பானெட்டைத் திறந்தார். ரேடியேட்டருக்குக் கீழே ஈரம்.

"இது பழசானாலும் ஒழுகும். முன்னாடி இடிச்சதுக்கு அடையாளம் எங்க? ஒட்டினதைப் பிரிங்க. உடைஞ்ச வாட்டம் தெரிஞ்சா எழுதுறேன். இல்லைன்னா, வந்தேன், வண்டி நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான்."

பல்லுக்காரர் மெல்லிய கத்தியை எடுத்து வந்தார். விளக்குக்கும் பல் செட் ஒட்டும் பசையைத்தான் போட்டிருந்தார். அதைப் போட்டு அவர் ஒட்டிய செட் எதுவும் விட்டுப்போய்த் திரும்பி வந்ததில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொள்வார். இப்போது இந்த ஒன்றாவது விட வேண்டும். நெம்பினார். அசையவில்லை. வேர்வை கண்ணில் இறங்கியது. சர்வேயர் மணி பார்த்தார். யாரும் கேட்காமலே மனைவி வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

"மெதுவா. புதுசா எதுவும் உடைஞ்சிடப் போகுது" என்றாள்.

'டக்'கென்று ஒரு துண்டு கழன்று உள்ளங்கையில் விழுந்தது. சர்வேயர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இடிச்சப்போ உடைஞ்சதுதான், இப்ப உடைச்சதில்ல. மத்ததையும் பிரிங்க."

படம் எடுத்து முடித்ததும், "நடந்ததை நடந்தபடியே எழுதி மேலே அனுப்புறேன். ஒத்துக்குவாங்களான்னு என்னால சொல்ல முடியாது. அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இருங்க" என்று பைக்கைக் கிளப்பினார்.

மனைவி துண்டுகளைப் பொறுக்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் கடைக்கும் அதைத் தூக்கிக்கொண்டே போனாள்.