ஸாவியா அக்கா தூக்கிய கை

ஸாவியா அக்காவை வாயாடி என்று சொல்பவர்கள் அவளோடு ஒரு ஷிப்டுகூட நின்றிருக்க மாட்டார்கள். பாயான் லெப்பாஸில், கம்ப்யூட்டர் சிப் செய்யும் எங்கள் தொழிற்சாலையில், தலைமுதல் கால்வரை மூடிய வெள்ளை உடுப்புக்குள் பதினெட்டு வருஷம் வாயைத் திறக்காமல் வேலை பார்த்தவள் அவள். பக்கத்து மெஷின் என்னுடையது, எனக்குத் தெரியாதா?

ஆபரேட்டர்களுக்கு அங்கே ஒரு சட்டம் உண்டு. மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தால் தொடக்கூடாது. ஓரடி பின்னால் போய், வலது கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். டெக்னீஷியன் வந்து மூடியைத் திறந்து சரிசெய்வான். அந்தத் துரை டீ குடித்துவிட்டு வரும்வரை கை கடுக்க நிற்போம். சேர்ந்த முதல் நாளே இதைத்தான் மண்டையில் ஏற்றினார்கள்.

போன வருஷம் ரோபோ வரிசை வரப்போகிறது என்றார்கள். வந்துவிட்டால் ஆபரேட்டர் தேவையில்லை. டெக்னீஷியன் பயிற்சிக்குத் தேர்வானால் வேலை, இல்லையென்றால் வீடு. எங்களில் முக்கால்வாசிப் பேர் விண்ணப்பிக்கவே பயந்தோம். அக்கா விண்ணப்பித்தாள். மகளுடைய கணக்குப் புத்தகத்தை பஸ்ஸில் மடியில் விரித்துவைத்துப் படித்தாள். மாமியார் ஆகிற வயசில் மாணவியா என்று கேன்டீனில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி கிண்டல் பண்ணினார்கள். படித்துவிட்டே மாமியார் ஆகிறேன், உங்களுக்கென்ன என்றாள்.

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். அடுத்தது செய்முறைத் தேர்வு. பயிற்சியாளர் கூ என்பவர் வேண்டுமென்றே மெஷினை மக்கர் பண்ண வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா என்ன செய்தாள் தெரியுமா? ஓரடி பின்னால் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

ஐயோ! அவளுக்குச் சரிசெய்யத் தெரியும். புத்திக்குத் தெரிந்தது கைக்குப் போய்ச் சேரவில்லை. சுதாரிப்பதற்குள் நேரம் முடிந்தது. ஃபெயில்.

வேறொருத்தியாக இருந்தால் அழுதுகொண்டே பஸ் ஏறியிருப்பாள். இவள் என்னையும் இழுத்துக்கொண்டு நேராக மேனேஜர் சியா மேடத்தின் அறைக்குப் போனாள். மேடம் தன்மையாகத்தான் பேசினார். ஆபரேட்டராக நல்ல பெயர் எடுத்தவர் நீங்கள், கேன்டீனில் மேற்பார்வை வேலை போட்டுத் தருகிறேன், இந்த வயதில் எதற்கு வம்பு என்றார்.

"நல்லா வேலை செஞ்சேன்னுதானே மேடம் இத்தனை வருஷம் ஒரே இடத்துல நிக்க வச்சீங்க? கையத் தூக்குன்னு சொல்லிக்குடுத்தது நீங்க. தூக்கினதுக்கு சர்டிபிகேட் குடுத்ததும் நீங்க. இன்னிக்கு அதே கைக்கு ஃபெயிலா? இன்னொரு வாட்டி மெஷினை மக்கர் பண்ண வைக்கச் சொல்லுங்க. கேன்டீனுக்கு நான் சாப்பிடத்தான் போவேன்."

மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரே ஒரு வாய்ப்புத் தருகிறேன், அதிலும் தோற்றால் கேன்டீன் வேலையும் கிடையாது, சம்மதமா என்று கேட்டார். வேண்டாம் என்று நான் அக்காவின் இடுப்பில் இடித்தேன். சம்மதம் என்றுவிட்டாள் பிடிவாதக்காரி.

மறுநாள் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நாங்கள் அத்தனை பேரும் கூடிவிட்டோம். விளக்கு எரிந்தது. பாழாய்ப்போன கை, தோள்வரை எழும்பிவிட்டது! அவள் அந்தக் கையை அப்படியே கீழே கொண்டுவந்து மின்சாரத்தை நிறுத்தினாள். மூடியைத் திறந்தாள். உள்ளே சிக்கியிருந்த, சிப்புக்குப் போடும் தங்க இழையை இடுக்கியால் எடுத்துவிட்டு மறுபடி ஓட விட்டாள். பச்சை விளக்கு வந்தது.

வெளியே வந்ததும் கூ கைகொடுத்தார். ஒருவழியாகப் பழைய பழக்கத்தை மறந்துவிட்டீர்களே என்று சிரித்தார்.

"மறக்கல சார்," என்றாள் அக்கா, எங்களைக் காட்டி. "ரோபோ வர்ற வரைக்கும் இவளுங்க கையத் தூக்கினா வரப்போறது நான். தள்ளி நில்லுன்னு சொல்ல மாட்டேன். கிட்ட வந்து பாருடீன்னுதான் சொல்வேன்."