முனிரத்தினம் குடித்திருக்கவில்லை

சர்வேயர் முனிரத்தினம் இறந்த செய்தியை அவருடைய மைத்துனர்தான் எங்கள் திருப்பதி ஆபீசுக்கு வந்து சொன்னார். "ஏரிக்குக் குளிக்கப் போனாருங்க. இடுப்பளவு தண்ணிதான். முழுகினவரு எழும்பல." பிறகு குரலைத் தாழ்த்தி, "குடிச்சிருந்தாருன்னு ஊருல பேசிக்கினு இருக்காங்க" என்றார். அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். முனிரத்தினம் ஒருநாளும் குடித்ததில்லை.

காசநோய்க்காக மாதக்கணக்கில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டு, பிழைத்து வந்தவர் அவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் பாகாலா ரயிலடியில் அவரைப் பார்த்தேன். கால்களை அகட்டி வைத்து நடந்து, என்னைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார். எனக்குச் சுருக்கென்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நின்றார். முகம் மலர்ந்தது. "நீங்களாண்ணா? நடக்கச்சொல்ல எல்லாம் குதிக்குது. யாரு மூஞ்சியும் தெரியல. நின்னாத்தான் தெரியுது."

சென்னை ராஜ்யத்தோடு இருந்த எல்லைத் தகராறு தீர்ந்து சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்தபோது, எல்லைக் கல் நடுவதற்கு அளக்கும் வேலையில் எங்கள் இருவரையும் போட்டார்கள். அளவைக் கருவியின் தொலைநோக்கியில் கண்ணை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. "நாடி துடிக்கிற துடிப்புக்கே கோடு ஆடுதுண்ணா" என்றார். வரப்பில் தள்ளாடி இரண்டு முறை விழுந்தார். கூலியாட்கள் சிரித்தார்கள். காலையிலேயே ஊற்றிக்கொண்டு வருகிறார் என்ற பேச்சு அங்கேதான் பிறந்தது.

சித்தூரில் ஒரு காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஒரு காகிதத்தை நீட்டி, தலையை ஆட்டிக்கொண்டே படிக்கச் சொன்னார். என்னால் முடிந்தது. முனிரத்தினத்தால் ஒரு வரிகூட முடியவில்லை.

"காதுக்குள்ள சின்னதா ஒரு உறுப்பு இருக்கு. தலை வலப்பக்கம் திரும்பினா, கண்ணை அதே அளவு இடப்பக்கம் திருப்பிவிடும். அதனாலதான் நடக்கும்போது நமக்கு எதுவும் ஆடுறதில்லை. ஊசி உங்க உயிரைக் காப்பாத்திச்சு, அந்த உறுப்பைக் கெடுத்துடுச்சு."

"திரும்ப வருமா சார்?" என்று முனிரத்தினம் கேட்டார்.

"வராதுப்பா."

பஸ்ஸில், "உயிரு இருக்குதே, போதும்ணா" என்றார்.

அவர் இறந்தபின் அதே டாக்டரிடம் போய்க் கேட்டேன். கண்ணை மூடித் தண்ணீரில் முழுகினால் அவருக்கு மேல் எது, கீழ் எது என்று தெரிந்திருக்காது; மேலே வருவதாக நினைத்துத் தரையை நோக்கியே நீந்தியிருப்பார் என்றார். "அன்னைக்கே சொல்லியிருக்கணும். எனக்குத் தோணல" என்று மேசையைப் பார்த்தார். எனக்கும்தான் கேட்கத் தோன்றவில்லை.

பதினாறாம் நாள் உறவினர்களிடம் இதையெல்லாம் விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். நான் செருப்பை மாட்டும்போது ஒருவர், "எந்தக் கடையில துன்னுட்டு, குடிச்சிட்டுப் போனாராம்?" என்று இன்னொருவரைக் கேட்டது காதில் விழுந்தது. முனிரத்தினத்தின் மனைவி கன்னியம்மாவுக்கும் அது கேட்டிருக்கும். அவள் தலை நிமிரவில்லை.

சத்தியவேட்டில் அவர் எழுதிய அளவுப் புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு எண்ணையும் மூன்று நான்கு முறை அடித்து எழுதியிருக்கிறார். கீழே, "என் பார்வை நிலைக்கவில்லை. இந்த அளவுகளை நம்ப வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதை அவரே மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டினார். மறுநாளே அந்த வேலையிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள்.