கூட்டத்துக்குள் நின்ற பல் டொக்டர்

நான் புலம்பெயர்ந்து குடியேறிய அஜின்கோர்ட்டில் எனக்குப் பல் பார்த்த டொக்டருக்கு எழுபது தாண்டியிருக்கும். மெலிந்த உடம்பு, விடைத்த காதுகள். நோயாளிகளுக்கென்று தலைக்கு மேலே பொருத்திய டிவியை அவர்தான் பார்ப்பார். எப்போதும் எழுபதுகளின் பழைய பிரிட்டிஷ் பாட்டு நிகழ்ச்சிகள். பாடகர்களைக் கவனிக்கமாட்டார். ஆடும் கூட்டத்தைக் கமரா காட்டினால் மட்டும், துளைக்கிற மெஷினை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்.

விறைப்பூசி போடுமுன் கேட்டேன்: "பாட்டெண்டால் அவ்வளவு விருப்பமோ, டொக்டர்?"

"பாட்டுக் கிடக்கட்டும். லண்டனிலை படிக்கேக்கை உந்த ஷோவுக்குப் போய் நல்லா ஆடினனான். மனுசி நம்பிறாளில்லை. அதுதான் என்னைத் தேடுறன்."

அன்றைக்கு அவரை நான்தான் கண்டுபிடித்தேன். எல்லோரும் துள்ளிக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவே மெலிந்த தமிழ் இளைஞன் ஒருவன், பூசைக்கு நிற்பவன்போலக் கைகட்டி, அசையாமல் நின்றான். அதே விடைத்த காதுகள். வாய் விறைத்துப்போயிருந்ததால் விரலால் காட்டினேன்.

டொக்டர் படத்தை அப்படியே நிறுத்தி நெடுநேரம் பார்த்தார்.

"சே, உவன் நானில்லை. நான் ஆடினனான்" என்றார், கைகளைக் கட்டிக்கொண்டு.

பிறகு அடுத்த நிகழ்ச்சியைப் போட்டுவிட்டு மெஷினை எடுத்தார். வாய் விறைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று.